புத்தகத்தை மூடச் சொன்ன விசுவாசம்

எனக்கு அரசு வேலை கிடைத்த கதை எங்கள் பகுதி ஜெபக்குழுவில் இன்றும் சாட்சியாகச் சொல்லப்படுகிறது. சொல்வது நான் அல்ல. தீர்க்கதரிசனமாக உரைத்தபடியே கர்த்தர் செய்து முடித்தார் என்று மற்றவர்கள் எழுந்து நின்று சொல்கிறார்கள். கூடியிருப்பவர்கள் ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். கர்த்தர் செய்தார் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. உரைத்தபடி நடந்தது என்பது மட்டும் உண்மையில்லை. உரைத்த வார்த்தையை நம்பி நான் கையிலிருந்த வேலையை விட்டேன், படிப்பை நிறுத்தினேன், அப்பா கடன் வாங்கினார். அந்தப் பகுதியை விட்டுவிட்டுச் சொல்லப்படும் சாட்சியைக் கேட்டு இன்னொரு பெண் புத்தகத்தை மூடிவிடக் கூடாது. அதற்காகவே எழுதுகிறேன்.

சாத்தான்குளம் பக்கம், தேரி மணலை ஒட்டிய ஊர் எங்களுடையது. அப்பா பனையேறி. அம்மா ஓலைப்பெட்டி முடைவார். பதனீர்க் காலத்தில் கருப்பட்டி காய்ச்சுவார். நான் கணிதத்தில் பட்டம் வாங்கி, பக்கத்து ஊர்த் தனியார் பள்ளி ஒன்றில் பாடம் எடுத்துக்கொண்டே அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வுக்குப் படித்தேன். இதை வாசிக்கிற நீங்களும் ஏறக்குறைய இப்படித்தான் இருப்பீர்கள். பகலில் ஒரு சின்ன வேலை, இரவில் சமச்சீர்ப் புத்தகம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலுக்கு வந்தால் "என்னட்டி, இன்னும் ஒண்ணும் அமையலியா?" என்று கேட்கிற அத்தைமார்.

தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பத்தாம் வகுப்புத் தரம், 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். பாதிக் கேள்விகள் தமிழ்ப் பாடத்தில். அந்தப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மறுபாதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆறிலிருந்து பத்து வரை பள்ளிப் புத்தகங்களை வரி விடாமல் படியுங்கள். தமிழ்வழிச் சான்றை முன்பே வாங்கி வையுங்கள். கல்யாணமான பெண்களுக்கும் சமூகச் சான்றில் தந்தை பெயர்தான் இருக்க வேண்டும். தெரியாத கேள்வியை வெறுமனே விடாமல் 'விடை தெரியவில்லை' என்கிற ஐந்தாவது வட்டத்தைக் கருப்பாக்குங்கள். இதையெல்லாம் எந்தப் பயிற்சி மையத்திலும் சொல்லித் தருவார்கள். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைக்கு வருகிற சோதனைகளைத்தான் அங்கே சொல்ல மாட்டார்கள்.

முதல் சோதனை ஞாயிற்றுக்கிழமை. 2018 பிப்ரவரி 11, 2019 செப்டம்பர் 1, 2022 ஜூலை 24, 2024 ஜூன் 9 என்று 2018 முதல் 2024 வரை குரூப் 4 நடந்த நாட்களைப் பாருங்கள், எல்லாம் ஞாயிறு. காலை ஒன்பது மணிக்குள் தேர்வுக்கூடத்தில் இருந்தாக வேண்டும். ஆராதனைக்குப் போக வழியில்லை. 2022இல் நான் எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் ஜெபக்குழுவில் எரிக் லிடில் கதையை எடுத்துச் சொன்னார்கள். ஸ்காட்லாந்துக்காரர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓட மறுத்தார். கர்த்தர் அவருக்கு 400 மீட்டரில் தங்கம் கொடுத்தார். நீயும் அப்படி நின்றால் கர்த்தர் வேறு வழி திறப்பார் என்றார்கள்.

அந்தக் கதையை நான் தேடி வாசித்தேன். அவர்கள் சொன்னதில் இரண்டு செய்திகள் விடுபட்டிருந்தன. லிடிலைப் பற்றிய சினிமாவில் கப்பலேறும் நேரத்தில்தான் அவருக்கு அட்டவணை தெரிய வருவதுபோலக் காட்டுவார்கள். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். தெரிந்த நாளிலிருந்து 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். வழி திறக்கட்டும் என்று அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. 47.6 விநாடியில் ஓடி முடித்த அந்த ஓட்டத்துக்குப் பின்னால் மாதக்கணக்கான உழைப்பு இருந்தது. இன்னொன்று, பிற்பாடு அவர் சீனாவில் மிஷனரியாக இருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வைத்திருந்த வெய்சியன் முகாமில் அடைபட்டிருந்தபோது, அங்கிருந்த இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமையில் விளையாடிச் சண்டையில் முடித்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு லிடிலே மைதானத்தில் இறங்கி நடுவராக நின்றார். ஞாயிறு ஓட மாட்டேன் என்று உலகறியச் சொன்ன அதே மனிதர்தான். தன் மனசாட்சியைத் தனக்குச் சட்டமாக வைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளைகளின் தலையில் அதை ஏற்றவில்லை. 1945இல் அந்த முகாமிலேயே இறந்தார்.

நான் தேர்வு எழுதினேன். எங்கள் சேகரத்து ஐயரிடம் முந்தின நாளே சொன்னேன். தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பினார். உங்களுக்கும் இந்தக் கேள்வி வந்தால் உங்கள் குருவானவரிடம் ஒருமுறை பேசுங்கள், முடிவெடுங்கள், அதன்பின் அதைப் பற்றி யாரிடமும் வாதாடாதீர்கள். தேர்வுக்கு முந்தின வாரம் வாதாடுவதில் போகக் கூடாது.

எனக்குப் பெரிய சேதம் வந்தது தேர்வுக்குப் பிறகு.

தேர்வு முடிந்த கையோடு அடுத்ததற்கான வேலையைத் தொடங்கியிருந்தேன். டைப்ரைட்டிங்கில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் லோயர் முடித்திருந்தேன். ஹையருக்கு சாத்தான்குளத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தேன். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல் போதும், ஹையருக்கு 45. ஏதாவது ஒரு மொழியில் ஹையரும் மற்றதில் லோயரும் இருந்தால் தட்டச்சர் பணிக்கும் சேர்த்து விண்ணப்பிக்கலாம். இரண்டிலும் ஹையர் இருந்தால் முன்னுரிமை உண்டு. இளநிலை உதவியாளர் பணிக்கு இருக்கிற கூட்டம் தட்டச்சர் பணிக்கு இல்லை. இது தெரிந்துதான் பள்ளி முடிந்ததும் பஸ் பிடித்து ஓடிக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், ஜெபக்குழுவை நடத்துகிற அக்கா என் தலையில் கைவைத்து, இந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் நீ அரசாங்க நாற்காலியில் உட்காருவாய் என்று கர்த்தர் சொல்கிறார் என்று உரத்த குரலில் சொன்னார். நான் அழுதேன். அம்மா அழுதார். அந்த இரவு வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அத்துடன் நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு வாரம் கழித்து, நான் டைப்ரைட்டிங் முடித்து வருகிறபோது அந்த அக்கா வழியில் பார்த்தார்.

"எங்கே போயிட்டு வாறே தங்கச்சி?"

"டைப்ரைட்டிங்குக்கு அக்கா. அடுத்த நோட்டிபிகேஷன் வந்தா ஹையர் இருந்தா நல்லதுன்னு..."

"அடுத்த நோட்டிபிகேஷனா? கர்த்தர் இந்தத் தேர்விலேயே தந்துட்டேன்னு சொன்ன பிறகு நீ அடுத்ததுக்குப் படிச்சா என்ன அர்த்தம்? அவிசுவாசம்லா? சந்தேகப்படுகிறவனுக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னு யாக்கோபு எழுதலியா?"

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. என் அவிசுவாசத்தாலேயே கிடைக்க இருந்ததும் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்தேன். உங்களில் இந்தப் பயத்தை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியில் இருப்பவர்களுக்கு எவ்வளவு விளக்கினாலும் புரியாது. மறுநாள் பயிற்சி நிலையத்துக்குப் போகவில்லை. புத்தகங்களைக் கட்டி பரண்மேல் வைத்தேன். மாதிரித் தேர்வுகளுக்குக் கட்டிய பணம் அப்படியே போனது. அக்டோபரில், கையில் பழையதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு புதியதைக் கேட்கக் கூடாது என்று இன்னொரு ஆலோசனை வந்தது. பள்ளி வேலையையும் விட்டேன். நடுவருடத்தில் விட்டுப் போன ஆசிரியையை எந்த நிர்வாகமும் திரும்பச் சேர்க்காது, என்னையும் சேர்க்கவில்லை. பிறகு, விசுவாசத்தினால் முன்கூட்டியே நன்றி செலுத்த வேண்டும் என்றார்கள். கருப்பட்டி வியாபாரியிடம் அப்பா அடுத்த பருவத்துக்கான முன்பணத்தை வாங்கி, வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டார். தேர்வு முடிவே வராத ஒரு வேலைக்காக எங்கள் வீட்டு முற்றத்தில் பந்தல் போடப்பட்டது.

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. ஆண்டிறுதி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்தேன். எரேமியா 29:11. எங்கள் சபையில் அந்த வருஷம் அந்த வசனம் நிறையப் பேருக்கு வந்தது. எந்த வருஷமும் வரும். ஆனாலும் எனக்கு அது தனியாக வந்த கடிதம்போல இருந்தது. பிப்ரவரி மாத டைப்ரைட்டிங் தேர்வுக்குப் பணம் கட்டவில்லை.

2023 மார்ச் 24 அன்று முடிவு வெளியானது. 18 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதிய தேர்வு. பணியிடங்கள் அதற்குள் 10,000ஐத் தாண்டியிருந்தன. தேர்வுக்கும் முடிவுக்கும் இடையில் எட்டு மாதங்கள். அத்தனை லட்சம் விடைத்தாளுக்கு ஆகிற காலம் ஆகட்டும், அதில் எனக்குக் குறையில்லை. என் தரவரிசை எட்டவில்லை. நான் நல்ல மதிப்பெண்தான் எடுத்திருந்தேன். ஹையர் இருந்த பெண்கள் என்னைவிடக் குறைந்த மதிப்பெண்ணில் தட்டச்சர் ஆனார்கள்.

ஜெபக்குழு அக்காவிடம் போய் நின்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, வீட்டில் ஏதாவது அறிக்கையிடாத பாவம் இருக்கிறதா என்று யோசித்துப் பார் என்றார். அன்போடுதான் சொன்னார். அவர் என்னை ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் தன் பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறவர். ஆனால் அந்தக் கேள்வியோடு நான் வீட்டுக்கு நடந்து வந்த வழியை மறக்க முடியாது. அப்பா குடிப்பதில்லை, அம்மா பொய் சொல்வதில்லை. எந்தப் பாவத்தை நான் தேடுவது?

அது பதனீர்க் காலம். அப்பா மரத்திலிருந்து இறங்கி வந்து கலயத்தை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு வேதாகமம் வாசிக்கத் திணறும், ஜெபக் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார்.

"ஏட்டி, நேத்து கலயத்துல பதனி விழலன்னு நான் இன்னைக்கி ஏறாம இருக்கேனா? காலையில சீவணும், சாயங்காலம் சீவணும். ரெண்டு நாள் சீவாம விட்டா பாளை காஞ்சிரும். அதுக்கப்புறம் யார் ஜெபிச்சாலும் அந்தப் பாளையில ஊறாது. ஊற வைக்கிறது ஆண்டவர்தான். சீவுகது நம்ம வேலை."

பனையில் பதனீர் இறக்குகிறவர்களுக்கு இது ஒரு பெரிய செய்தியே இல்லை. அவர்கள் அன்றாடம் செய்வது. ஆனால் எட்டு மாதம் நான் என் பாளையைச் சீவாமல் விட்டிருந்தேன். அதை விசுவாசம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அதன்பின் வேதாகமத்தைக் கோபத்தோடு திறந்தேன். கோபத்தோடு திறக்கலாமா என்று கேட்காதீர்கள். சங்கீதக்காரர்கள் பலர் கோபத்தோடுதான் தேவனிடம் போயிருக்கிறார்கள். எனக்கு வந்த வாக்குத்தத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க எரேமியா 29ஐ எடுத்தேன். அது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறிய பிறகுதான் மீட்பு என்று முந்திய வசனத்திலேயே இருக்கிறது. அதுவரைக்கும் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், இருக்கிற பட்டணத்தின் நலனுக்காக ஜெபியுங்கள். காத்திருக்கும் காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள் என்று அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை.

ஒரு பக்கம் பின்னால் திருப்பினேன். 28ஆம் அதிகாரம். அங்கே அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக எழுந்து, இரண்டு வருஷத்துக்குள் கர்த்தர் பாபிலோன் ராஜாவின் நுகத்தை முறித்துப்போடுவார் என்று தேதி சொல்கிறான். ஜனங்களுக்கு அது எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து எல்லார் கண்முன்னும் உடைத்தும் காட்டுகிறான். எரேமியாவோ, கர்த்தர் உன்னை அனுப்பவில்லை, இந்த ஜனத்தைப் பொய்யை நம்பச் செய்தாய் என்று அவனிடம் நேராகச் சொல்கிறார். அதற்கு அடுத்த அதிகாரம்தான் நாம் அட்டையில் அச்சடித்து, சுவரில் மாட்டி, பிறந்தநாள் வாழ்த்தாக அனுப்புகிற வசனம். குறுகிய தேதி சொன்னவனோடு நடந்த சண்டையை அடுத்துப் புத்தகத்தில் வருகிற நீண்ட வாக்குத்தத்தம் அது. சிறுவயதிலிருந்து ஓய்வுநாள் பள்ளியில் படித்த எனக்கு இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்க யாரும் சொல்லித் தரவில்லை. உங்களுக்கு ஒரு வசனம் வந்தால் முழு அதிகாரத்தையும் அதற்கு முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். அட்டையில் இடமில்லை என்பதற்காக உங்கள் வாழ்க்கையிலும் இடமில்லாமல் போக வேண்டாம்.

நெகேமியாவை அதற்குப் பிறகு வாசித்தேன். இன்றுவரை எனக்குப் பிடித்த புத்தகம் அதுதான். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்று கிஸ்லேவு மாதத்தில் கேள்விப்படுகிறார். அழுகிறார், உபவாசம் இருக்கிறார், ஜெபிக்கிறார். ராஜா அவரிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பது நிசான் மாதத்தில். ஏறக்குறைய நாலு மாதம். அந்தக் கேள்வி வந்த நொடியில் நெகேமியா என்ன பதில் சொல்கிறார் பாருங்கள். அந்த நிமிஷமும் மனதுக்குள் ஒரு ஜெபம் செய்துவிட்டு, திரும்பி வர எவ்வளவு காலமாகும் என்று சொல்கிறார். நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும் என்கிறார். ராஜாவின் வனத்துக் காவலாளன் ஆசாப் என்பவனுக்கு, கோட்டை வாசல்களுக்கும் அலங்கத்துக்கும் மரம் கொடுக்கச் சொல்லித் தனியாக ஒரு கடிதம் வேண்டும் என்கிறார். நாலு மாதம் கண்ணை மூடி ஜெபித்தது மட்டும் என்றால், வனத்துக் காவலாளனின் பெயர் அவர் வாயில் எப்படி வந்தது? ஜெபித்துக்கொண்டே கணக்குப் போட்டிருக்கிறார், விசாரித்திருக்கிறார், எந்த மரம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்து வைத்திருக்கிறார். அதனால்தான் அலங்கம் 52 நாளில் எழும்பியது. கட்டும்போதும் ஒரு தீர்க்கதரிசி வந்து ஆலயத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்று சொல்கிறான். தேவன் அவனை அனுப்பவில்லை என்று நெகேமியா கண்டுகொள்கிறார், வேலையை நிறுத்தவில்லை. தேவபக்தியுள்ள ஒரு மனுஷன் ஒரு தீர்க்கதரிசனத்தைச் சோதித்துப் பார்த்து மறுத்திருக்கிறார். இதை நான் முந்தின வருஷம் அறிந்திருக்க வேண்டும்.

ஏப்ரலில் மறுபடியும் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். விரல்கள் வேகத்தை மறந்திருந்தன. ஆகஸ்டில் தமிழ் ஹையர் எழுதித் தேறினேன். ஆங்கிலத்துக்கு நேரம் போதவில்லை. அந்த எட்டு மாதம் இருந்திருந்தால் இரண்டும் என் கையில் இருந்திருக்கும். பள்ளி வேலை போனதால் வீட்டில் டியூஷன் எடுத்தேன், வருமானம் பாதிதான். கருப்பட்டி வியாபாரியின் முன்பணத்தை அப்பா அடுத்த பருவம் முழுக்க ஏறிக் கழித்தார்.

இந்த முறை என் ஜெபம் மாறியது. முன்பு வேலையைத் தாரும் என்று மட்டும் கேட்பேன். இப்போது விடியற்காலையில் அன்றைக்குப் படிக்க வேண்டிய பாடத்தைத் திறந்து வைத்து, இதை முடிக்க இன்று பெலன் தாரும் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை உபவாசத்தை விடவில்லை. அந்த நாளிலும் ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன். பசியோடு எழுதிய தாள்களில் மதிப்பெண் குறையவில்லை என்பதை, உபவாசத்துக்கும் படிப்புக்கும் ஆகாது என்பவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஜெபக் குறிப்பை இருவரிடம் மட்டும் கொடுத்தேன்: ஐயரிடமும், என் பெரியம்மாவிடமும். பெரியம்மா எழுத்து அறியாதவர். தேர்வு எப்போது, முடிவு எப்போது என்று ஒருநாளும் கேட்டதில்லை, "படிச்சியா மக்கா?" என்று மட்டும் கேட்பார். படிக்காத நாளில் அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. உங்கள் குறிப்பை உங்கள் பெரியம்மாமாரிடம் கொடுங்கள். முடிவைக் கேட்பவர்களைவிட உழைப்பைக் கேட்பவர்கள் உங்களுக்கு வேண்டும்.

2024 ஜனவரி 30 அன்று அறிவிக்கை வந்தது, 6,244 இடங்கள். ஜூன் 9இல் தேர்வு. மறுநாள் திங்கட்கிழமையே கணினி அலுவலகப் பயிற்சிச் சான்றுக்கான வகுப்புக்குப் போனேன், ஆங்கில ஹையருக்கும் மறுபடி உட்கார்ந்தேன். "எழுதி முடிச்சிட்டேல்லா, இனி என்ன?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. அக்டோபர் 28 முடிவு வந்தபோது நான் பயிற்சி நிலையத்தில் இருந்தேன். அன்றைய தாளை அடித்து முடித்துவிட்டுத்தான் பார்த்தேன். சான்றிதழ் சரிபார்ப்பு, சென்னையில் கலந்தாய்வு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. இப்போது ஒரு தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருக்கிறேன்.

விடாமுயற்சியோடு ஜெபித்தால் கேட்டது கிடைக்கும் என்று நான் சொல்ல வருவதாக நினைக்க வேண்டாம். என்னோடு சேர்ந்து படித்த தோழி ஒருத்தி உண்டு. என்னைவிட அதிகம் ஜெபிக்கிறவள், என்னைவிட ஒழுங்காகப் படிக்கிறவள். அவளுக்குக் கிடைக்கவில்லை. லட்சக்கணக்கானவர்கள் எழுதி ஆயிரக்கணக்கானவர்கள் தேறுகிற தேர்வில், தேறாதவர்கள் எல்லாரும் விசுவாசத்தில் குறைந்தவர்கள் என்று சொல்வது பாவம் என்றே நான் நினைக்கிறேன். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் எடுக்கப்படவில்லை, கிருபை கொடுக்கப்பட்டது. அவரிடம் போய் உன் வீட்டில் என்ன பாவம் என்று யாரும் கேட்கவில்லை. அநீதியுள்ள நியாயாதிபதியிடம் நடந்து நடந்து போன விதவையின் உவமையைச் சொல்லி முடிக்கிறபோது இயேசு கேட்பது, மனுஷகுமாரன் வரும்போது பூமியில் விசுவாசம் இருக்குமா என்றுதான். எத்தனை பேருக்கு வழக்கு ஜெயித்தது என்று அவர் கேட்கவில்லை.

நம் மொழியில் முதன்முதலாகப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்குவை எடுத்துக்கொள்ளுங்கள். 1706 ஜூலை 9 தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துக் கூட்டினார். டேனிஷ் கோட்டை அதிகாரி அவரைச் சில மாதங்கள் சிறையில் வைத்தார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து தாள் போதாமல் போனபோது, சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தெடுத்தார்கள். தாள் வரட்டும் என்று யாரும் உட்கார்ந்துவிடவில்லை. 1715இல் புத்தகம் வெளிவந்தது. பழைய ஏற்பாட்டையும் தொடங்கினார். ரூத் வரைக்கும் வந்திருந்தபோது, 1719இல், 36 வயதில் இறந்துபோனார். மிச்சத்தை வேறொருவர் முடித்தார். அவர் குறிக்கோள் நிறைவேறியதா? அவர் கண்காண நிறைவேறவில்லை. அவர் விசுவாசத்தில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. என் தோழியிடமும் தெரியவில்லை. அவள் இப்போது கூட்டுறவு வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள், நானும் வாரம் ஒருநாள் உடன் உட்கார்கிறேன்.

எனக்கு வேலை கிடைத்ததும் நடந்ததுதான் என்னை அதிகம் வருத்தியது. கலந்தாய்வு முடிந்து ஊர் திரும்பிய அடுத்த வாரம், ஜெபக்குழுவில் அந்தப் பழைய தீர்க்கதரிசனம் நிறைவேறியதாக அறிவித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் என்று சொன்னது எந்தக் கிறிஸ்துமஸ் என்று சொல்லவில்லையே என்றார்கள். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். எழுந்து பேசியிருப்பேன், அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா மட்டும் வெளியே எழுந்து போனார். அதன்பின் நான் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. சபை ஆராதனைக்குப் போகிறேன், ஓய்வுநாள் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு எரேமியா நடத்துகிறேன், 28ஆம் அதிகாரத்தை விடாமல் நடத்துகிறேன். நான் பெருமை பிடித்துவிட்டேன், வேலை கிடைத்ததும் ஜெபத்தை விட்டுவிட்டேன் என்று பேசுகிறார்கள். பேசட்டும். நான் விட்டது அந்தக் கூட்டத்தை மட்டும்.

உங்கள் நிலையில் இருக்கிற பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். முடிவுக்காகக் காத்திருக்கிற நாளில் கையிலிருக்கிற வேலையை விடாதீர்கள், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும். அடுத்த தேர்வுக்கான கட்டணத்தை, இந்தத் தேர்வின் முடிவு வருவதற்கு முன்னாலேயே கட்டிவிடுங்கள். அது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், ஆசாபுக்குக் கடிதம் கேட்ட நெகேமியாவைக் காட்டுங்கள். கடன் வாங்கிப் பொருத்தனை செய்யாதீர்கள். நன்றி சொல்ல வேண்டியதற்கு, வந்த பிறகு, உங்கள் முதல் சம்பளத்தில் சொல்லலாம். கிடைக்காமல் போனால் யார் வந்து எந்தப் பாவம் என்று கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள். அடுத்த நாள் காலையில் புத்தகத்தைத் திறந்து வைத்து ஜெபியுங்கள்.

ஜெபக்குழு நடத்துகிற அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் ஜெபம் எங்களுக்கு வேண்டும்; அதை நான் இன்றும் மதிக்கிறேன். எங்கள் தலையில் கைவையுங்கள், எங்களுக்காக உபவாசம் இருங்கள். தேர்வுக் கட்டணத்துக்குக் காசு இல்லாத பிள்ளை உங்கள் கூட்டத்தில் இருந்தால் விசாரித்து அதைக் கட்டுங்கள், டைப்ரைட்டிங்குக்கு ஓடுகிறவளை ஓட விடுங்கள். கர்த்தரின் பெயரால் எங்களுக்குத் தேதி மட்டும் சொல்லாதீர்கள்.